கர்ணன் ஏன் கட்சி மாறவில்லை?

பாரதக் கதை தெரிந்த யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள்: "கர்ணன் ஏன் பாண்டவர் பக்கம் போகவில்லை?" யோசிக்காமல் பதில் வரும்: "செஞ்சோற்றுக் கடன், சார்!" உப்பிட்டவனுக்காக உயிரைக் கொடுத்தான், அவ்வளவுதான் விஷயம். பார்ட்-ஏ இரண்டு மார்க் கேள்வி என்றால் இந்தப் பதிலுக்கு முழு மார்க் போடலாம். பார்ட்-பி பதினாறு மார்க் கேள்வி என்றால் நிச்சயம் போட முடியாது.

ஒரு நாடகப் பாத்திரம் வாயால் சொல்லும் காரணம் ஒன்று. மனசுக்குள் வைத்திருக்கும் காரணம் வேறொன்று. அந்த இரண்டாவதைக் கண்டுபிடிக்க ஏதாவது முறை இருக்கிறதா? அல்லது நம் மனசில் இருப்பதை அந்தப் பாத்திரத்தின் தலையில் ஏற்றிவிட்டு, "கண்டுபிடித்துவிட்டேன்" என்று சொல்லிக் கொள்கிறோமா? நம் வட தமிழ்நாட்டுக் கூத்து மேடையில் பெயர் பெற்ற துன்ப நாடகமான 'கர்ண மோட்ச'த்தை வைத்து இதைக் கொஞ்சம் பார்க்கலாம் என்று இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

"மெக்கானிக்கல் படித்தவனுக்கு ஏம்ப்பா இந்த வேலை?" என்று என் வகுப்பு நண்பர்கள் கேட்பார்கள் என்பது தெரியும். பதில் சுலபம். நான் வேலை பார்ப்பது ஒரகடத்தில். அங்கே கூத்து என்னைத் தேடி வந்தது. நான் அதைத் தேடிப் போகவில்லை.

பகலில் ஒரு கர்ணன், இரவில் ஒரு கர்ணன்

சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையை இன்றைய மாணவர்கள் 'இண்டஸ்ட்ரியல் விசிட்' பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி 1998-ல் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை 2010-லும், டைம்லர் லாரி ஆலை 2012-லும் திறக்கப்பட்டன. இவர்களுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் கம்பெனிகள் வழி நெடுக இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றில்தான் நான் ப்ரொடக்‌ஷன் பார்க்கிறேன். காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் ரோபோ வெல்டிங். அந்தப் பக்கம் ஏரி, வயல், திரௌபதி அம்மன் கோயில். கோடைக் காலத்தில் நைட் ஷிப்ட் முடித்து வெளியே வந்தால், மத்தளமும் ஆர்மோனியமும் இன்னும் ஓய்ந்திருக்காது. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கருமாதிக்குக்கூடக் கர்ண மோட்சம் வைப்பார்கள். செத்தவருக்கு நல்ல கதி கிடைக்க வேண்டும் என்று.

திரௌபதி அம்மன் பாரத விழாவை முழுசாகப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். பிற்பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும். பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். இரவில் அதே கதை கூத்தாக வரும். பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று வரிசையாகப் போய், கடைசியில் படுகளமும் தீமிதியுமாக முடியும்.

அதாவது, ஒரே ஊர் ஜனம் பகலில் புலவருடைய கர்ணனைக் கேட்கிறது. இரவில் கூத்தாடியின் கர்ணனைப் பார்க்கிறது. இரண்டு பேரும் ஒரே ஆள் இல்லை! கர்ணனுடைய மனசைப் பற்றி இரண்டு விளக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதி எந்தப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும், சொல்லுங்கள்.

இந்தக் கலையைத் தெருக்கூத்து என்றும், வேஷக்காரர் அணியும் மரக்கட்டை அணிகளை வைத்துக் கட்டைக்கூத்து என்றும் சொல்வார்கள். செய்யாறு பக்கம் புரிசையின் தம்பிரான் பரம்பரை இதில் புகழ் பெற்றது. ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறைக்கு புரிசை கண்ணப்பத் தம்பிரான் ஓர் ஆசான். காஞ்சிபுரம் பக்கம் பெ. ராஜகோபாலும் ஹன்னா டி ப்ரூயினும் 1990-ல் கலைஞர்களைத் திரட்டிக் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தார்கள். கர்ண மோட்சப் பிரதியை ஹன்னா டி ப்ரூயின் ஆங்கிலத்தில் பெயர்த்து, அது 1998-ல் புதுச்சேரியில் அச்சாயிற்று. அந்த நாடகத்தைப் பாடியவர் புகழேந்திப் புலவர் என்பது ஊர் வழக்கு. நளவெண்பா பாடிய புகழேந்தியும் இவரும் ஒருவரே என்பதை ஆராய்ச்சியாளர்கள் ஏற்பதில்லை. ஜனங்கள் விரும்பிப் படித்த அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை எல்லாம்கூட அவர் பெயரில்தான் வழங்குகின்றன.

ராதையின் மகன்

முதலில் வியாசரிடம் போவோம். அவருடைய கர்ணன் தன் காரணத்தைத் தானே சொல்கிறான். தூது முறிந்து திரும்பும் கிருஷ்ணன் அவனைத் தனியே தேரில் ஏற்றிக் கொண்டு, "நீ குந்தியின் மூத்த மகன். வா, ராஜ்யம் உனக்கே" என்கிறான். இன்றைய பாஷையில் சொன்னால், சம்பளம், பதவி, கார் எல்லாவற்றோடும் கூடிய ஆபர்! கர்ணன் மறுக்கிறான். துரியோதனன் தந்த நட்பு ஒரு காரணம். ஆனால் அதற்கு முன்னால் அவன் சொல்வது வேறு. அதிரதன் என்னைக் கண்டெடுத்து வளர்த்தான். என்மேல் வைத்த அன்பால் ராதைக்கு அப்போதே பால் சுரந்தது. என் மலஜலத்தை எடுத்தவள் அவள். அவளுக்கு எப்படிப் பிண்டம் வைக்காமல் இருப்பேன் என்கிறான். தேரோட்டிக் குலத்தில் அதிரதன் பார்த்துக் கட்டி வைத்த மனைவிமார்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்கிறான்.

இதற்கு அடித்தளம் முன்பே போடப்பட்டிருக்கிறது. ஆட்ட அரங்கில் கிருபர் அவனுடைய குலத்தைக் கேட்டு வாயடைத்தபோது, துரியோதனன் அங்கேயே அங்க நாட்டு முடி சூட்டினான். அந்த நேரம் பார்த்து அதிரதன் வேர்த்து விறுவிறுத்து, கோல் ஊன்றி உள்ளே வருகிறான். கர்ணன் என்ன செய்தான்? அபிஷேகத் தண்ணீர் காயாத தலையை அத்தனை பேர் முன்னிலையிலும் தேரோட்டியின் காலில் வைத்தான். பீமன் சிரித்தான், "உனக்குச் சாட்டைதான் பொருத்தம்" என்று. அதைத் தெரிந்தேதான் கர்ணன் கும்பிட்டான்.

ஆக, வியாசரின் கர்ணனுக்குக் கட்சி மாறாமல் இருப்பதற்கான முதல் காரணம் துரியோதனன் போட்ட சோறு அல்ல. ராதை கொடுத்த பால்.

குந்தியின் மகன்

சுமார் 600 வருடங்களுக்கு முன் வில்லிபுத்தூரார் தமிழில் பாரதம் பாடியபோது அந்தப் பால் இடம் மாறிவிட்டது. வியாசரிடம் குந்தி தானே பயந்து போய்க் கர்ணனைப் பார்க்கிறாள். வில்லியாரிடம் கிருஷ்ணன் அவளை அனுப்பி வைக்கிறான். கர்ணனிடம் ஒரு தெய்வ ஆடை இருக்கிறது. "நான்தான் உன் தாய்" என்று பொய் சொல்லி வந்த பெண்கள் அதை உடுத்திச் சாம்பலானார்கள். குந்தி உடுத்தினாள், எரியவில்லை. அவளுக்குப் பால் சுரந்தது.

அழுது முடித்ததும் அவள் இரண்டு வரம் கேட்கிறாள். அர்ச்சுனன் மேல் நாகாஸ்திரத்தை இரண்டாம் தரம் விடாதே. மற்ற நால்வரைக் கொல்லாதே. இப்போது பாருங்கள், குந்தி வந்தது தாயாகவா, தூதாகவா? வில்லியார் தீர்ப்புச் சொல்லவில்லை. அழுகையும் நிஜம், கேட்ட வரமும் நிஜம்.

கர்ணன் கொடுக்கிறான். பதிலுக்கு அவன் கேட்பதைத்தான் கவனிக்க வேண்டும். போரில் நான் விழுந்தால் எல்லோரும் பார்க்க என்னை மடியில் எடுத்துப் பால் கொடு. இவன் என் மகன் என்று சொல். அதுவரை ரகசியம் ரகசியமாகவே இருக்கட்டும்.

இதே சந்திப்பில்தான் துரியோதனனின் மனைவி விஷயத்தையும் கர்ணன் சொல்கிறான். விளையாட்டில் அவளுடைய மேகலை அறுந்து மணி சிதறியது. உள்ளே வந்த துரியோதனன் சந்தேகப்படாமல், பொறுக்கித் தரட்டுமா, கோத்துத் தரட்டுமா என்று கேட்டானாம். அத்தனை நம்பிக்கை வைத்தவனை விட்டு எப்படி வருவேன் என்கிறான். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்வதற்கு ஆதாரம் இதுதான். ஆனால் ஒன்று. அது அவன் குந்திக்குச் *சொன்ன காரணம்*. அவன் அவளிடம் *கேட்ட வரம்* வேறு.

பொன்னுருவி வாயைத் திறக்கிறாள்

இரவில் கூத்துக்கு வாருங்கள். பிரசங்கியார் அதிகம் தொடாத ஒருத்தியைக் கூத்து நடுமேடையில் நிறுத்துகிறது. கர்ணன் மனைவி பொன்னுருவி. வியாசரிடம் இந்தப் பெயரே கிடையாது. 'பொன்னருவி மசக்கை' என்று அவளைப் பற்றிப் பெரிய எழுத்துக் கதைப்பாடல் ஒன்று உண்டு. அவள் அரச குலத்துப் பெண். தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டோமே என்று புழுங்குகிறவள்.

நாளைக் காலை சேனாதிபதியாகப் போருக்குப் போக வேண்டும். விடைபெற்றுக் கொள்ள கர்ணன் அவளிடம் வருகிறான். அவள் முகம் கொடுப்பதில்லை. குலத்தைச் சொல்லி இடிக்கிறாள். கட்டியங்காரன் நடுவில் புகுந்து சிரிப்பு மூட்டுகிறான். ஜனம் சிரிக்கிறது, சிரித்துக் கொண்டே நெளிகிறது. கடைசியில், யாரிடமும் சொல்லாதே என்று தாயிடம் கேட்டுக் கொண்ட ரகசியத்தைக் கர்ணன் தானே உடைக்கிறான்: நான் குந்தி மகன். பொன்னுருவி கதறிக் காலில் விழுகிறாள்.

இந்தக் கட்டத்தை எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு இரண்டு மனசாகத்தான் இருக்கிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா லாரி டிரைவர். படித்து முடித்த புதிதில் ஒரு கம்பெனி இன்டர்வியூவில், டிராயிங்கைப் பற்றிய கேள்விகளுக்கு எல்லாம் சரியாகப் பதில் சொல்லி முடித்த பிறகு, "ஃபாதர் என்ன பண்றார்?" என்று கேட்டார்கள். சொன்னேன். "ஓ, டிரைவரா!" என்று ஒரு சிரிப்பு. அதற்கு அப்புறம் கேள்வியே கேட்கவில்லை. நம் கல்லூரியில் முதல் தலைமுறைப் பட்டதாரியாக நுழைந்த எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு சிரிப்பு ஞாபகம் இருக்கும். அதனால்தான் மேடையில் பொன்னுருவி வாயைத் திறந்ததும், பாத்திரத்தின் உள்நோக்கம் என்ன என்ற ஆராய்ச்சியெல்லாம் எனக்குத் தேவைப்படவில்லை. அவன் ஏன் துரியோதனனை விடவில்லை என்பது அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. வீட்டுக்குள்ளேயே குலம் கேட்கிற உலகத்தில், கேட்காத ஒருவன் துரியோதனன்.

சரி, இரண்டு மனசு என்றேனே? பொன்னுருவி எதைக் கேட்டு மனம் மாறுகிறாள் என்று பாருங்கள். தேரோட்டி மகனும் மனுஷன்தான் என்று அவள் உணரவில்லை. இவன் தேரோட்டி மகனே இல்லை, க்ஷத்திரியன் என்று தெரிந்ததால் காலில் விழுகிறாள். அப்படியானால் கூத்து குலத் திமிரைக் கண்டிக்கிறதா, அல்லது ஆள் மாறாட்டத்தைத் திருத்தி, திமிரை அப்படியே விட்டுவிடுகிறதா? கூத்தாடி பதில் சொல்வதில்லை. அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறார். நான் பார்த்த கர்ண மோட்சம் எதிலும் ராதை வந்ததில்லை. தேரோட்டியின் பெண்டாட்டிக்கு மேடையில் இடமில்லை. வியாசரின் கர்ணன் யாருக்காக ராஜ்யத்தை மறுத்தானோ, அவளை நாம் மறந்தே போனோம்.

சல்லியனும் கிருஷ்ணனும்

உள்நோக்கம் கர்ணனுக்கு மட்டுமா? தேர் ஓட்டும் சல்லியனை எடுத்துக் கொள்ளுங்கள். வியாசரிடம் அவன் நோக்கம் வெட்டவெளிச்சம். நகுல சகாதேவர்களுக்குத் தாய்மாமன். கர்ணனின் தைரியத்தைக் குலைக்கிறேன் என்று தருமருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறான். ஆனாலும் கர்ணன் செத்த பிறகு வெறும் தேரை ஓட்டிக் கொண்டு திரும்பும் வரைக்கும் கூடவே இருக்கிறான். தமிழில் கதை வேறு. கழுத்துக்கு வைக்காதே, மார்புக்கு வை என்று சல்லியன் சொன்னதைக் கர்ணன் கேட்கவில்லை. கிருஷ்ணன் தேரை அழுத்த, குறி தப்பிவிட்டது. மறுபடி விடு என்றால், தாய்க்குக் கொடுத்த வாக்கு தடுக்கிறது. அந்த வாக்கைப் பற்றி வெளியே சொல்லவும் முடியாது. சல்லியன் கோபித்துக் கொண்டு தேரை விட்டு இறங்கிவிடுகிறான். இங்கே சல்லியன் துரோகியா, நல்ல யோசனை சொல்லியும் அவமானப்பட்ட சீனியரா? இரண்டு விதமாகவும் ஆடுகிறார்கள். ஆட்டக்காரர் கையில் இருக்கிறது.

கிருஷ்ணன் இன்னும் சிக்கல். குற்றுயிராகக் கிடப்பவனிடம் கிழப் பிராமணனாக வந்து, செய்த புண்ணியத்தை எல்லாம் தானமாகக் கேட்கிறான். கர்ணன் ரத்தத்தால் தாரை வார்த்துக் கொடுக்கிறான். இதுவும் வியாசரிடம் இல்லாத கட்டம். புண்ணியம் காத்து நின்றதால் உயிர் போகவில்லை, அதைப் பிடுங்கினால்தான் அர்ச்சுனன் பாணம் வேலை செய்யும். கணக்குப்படி இது கொலை. ஆனால் அதே கையோடு தரிசனம் கொடுத்து மோட்சமும் கொடுக்கிறான். கணக்குப்படி இது கருணை. நாடகத்தின் பெயரே 'கர்ண வதம்' இல்லை, 'கர்ண மோட்சம்'.

வேண்டிய வரம் கேள் என்கிறான் கிருஷ்ணன். அப்போதும் கர்ணன் உயிரைக் கேட்கவில்லை. இன்னும் பிறவி உண்டென்றால், கேட்டவர்க்கு இல்லை என்று சொல்லாத மனசு வேண்டும் என்கிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாலைந்து ராத்திரிக்கு முன்பு, இதே களத்தில், பகடை துகில் நடந்தது. வியாசர் சொன்னபடி சபையில் திரௌபதியை வாய்க்கு வந்தபடி பேசியவர்களில் கர்ணன் முக்கியமானவன். நடப்பதோ திரௌபதிக்குத் திருவிழா. அவளுடைய பக்தர்கள்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களே அவனுக்காக மூக்கைச் சிந்துகிறார்கள். குற்றத்தை மறந்தா அழுகிறார்கள்? இல்லை. குற்றம் செய்தவனுக்கும் ஒரு காயம் இருக்கிறது என்பதை ஏற்றுக் கொண்டு அழுகிறார்கள்.

வெள்ளித்திரைக் கர்ணன்

நம்மில் பெரும்பாலோருக்குக் கர்ணன் என்றால் சிவாஜிதான். பி.ஆர். பந்துலுவின் 'கர்ணன்' 1964 பொங்கலுக்கு வந்தது. 2012-ல் டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டபோதும் தியேட்டர்கள் நிரம்பின. அந்தப் படம் கூத்திலிருந்து எவ்வளவோ எடுத்துக் கொண்டது. ஆனால் பொன்னுருவியைக் கைவிட்டது. தேவிகா நடித்த சுபாங்கி அவனை உயிராக நேசிக்கிறவள். குலம் பார்ப்பவர் அவளுடைய அப்பா. காயம் வீட்டுக்குள்ளிருந்து மாமனார் வீட்டுக்குப் போய்விட்டது. மிச்சமிருந்த இடத்தை நட்பு நிரப்பியது. செஞ்சோற்றுக் கடன் என்ற பதில் நம் நாக்கில் ஒட்டிக் கொண்டதற்கு அந்தப் படத்துக்கும் கண்ணதாசன் பாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு.

1991 தீபாவளிக்கு வந்த 'தளபதி'யில் ஆற்றுக்குப் பதில் கூட்ஸ் ரயில். அங்க நாட்டுக்குப் பதில் பேட்டை. அங்கேயும் அம்மா யார் என்பதுதான் படத்தின் மையம். மராட்டியில் 1967-ல் வந்த இராவதி கார்வேயின் 'யுகாந்தா', "நான் யார்?" என்ற கேள்வியே கர்ணனை அலைக்கழித்தது என்று வாதாடியது. ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை எழுதிய 'வெண்முரசு' வரிசையில் 'வெய்யோன்' என்ற நாவலே கர்ணனுக்கானது. ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டிய காரணத்தை அவனுக்குக் கொடுத்திருக்கிறது.

லேடி மக்பெத்துக்கு எத்தனை குழந்தைகள்?

இங்கேதான் ஆரம்பத்தில் கேட்ட கேள்வி திரும்ப வருகிறது. நாம் கண்டுபிடிக்கிறோமா, ஏற்றிவைக்கிறோமா?

இங்கிலாந்தில் இந்தச் சண்டை நடந்து முடிந்திருக்கிறது. ஏ.சி. பிராட்லி 1904-ல் ஷேக்ஸ்பியரின் துன்ப நாடகங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில், ஹாம்லெட்டையும் ஒதெல்லோவையும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி வைத்து, அவர்கள் மனசைத் துருவினார். 1933-ல் எல்.சி. நைட்ஸ் கேலியாக ஒரு தலைப்பு வைத்தார்: 'லேடி மக்பெத்துக்கு எத்தனை குழந்தைகள்?' நாடகத்தில் இல்லாததைத் தோண்டாதே, அவர்கள் மனுஷர்கள் இல்லை, கவிதையின் பகுதி என்பது அவர் கட்சி.

நைட்ஸ் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம் கூத்து வேறு ஜாதி நாடகம். அதில் பிரதி முடிந்த இடத்தில் ஆட்டக்காரர் பேசுவார். பொன்னுருவிக்கு அன்று ராத்திரி எத்தனை வசனம் என்பது அவர் கையில், ஆர்மோனியக்காரர் கையில், ஜனத்தின் கையில். தோண்டுவதே இந்தக் கலையின் வேலை. வியாசர் பெயர்கூடச் சொல்லாத மனைவிக்கு வாய் கொடுத்தவர்கள் இவர்கள்.

எங்கள் தொழிற்சாலை முறையில் இதைப் பார்த்தால் என்ன ஆகும்? ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் 'ஐந்து ஏன்' கேட்போம். டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ பரப்பிய முறை இது. கர்ணனுக்குப் போடுவோம். ஏன் கட்சி மாறவில்லை? துரியோதனன் நாடு கொடுத்தான். ஏன் நாடு தேவைப்பட்டது? சபையில் குலம் கேட்டார்கள். ஏன் பதில் சொல்ல முடியவில்லை? பெற்றவர் யாரென்று தெரியாது. ஏன் தெரியாது? பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டுவிட்டாள். ஏன் விட்டாள்? கல்யாணமாகாத பெண்ணின் பயம். ஆக, மூல காரணம் குந்தியின் பயம். பரிகாரம், குந்தி உண்மையைச் சொல்வது.

நம் முறை இங்கேதான் சறுக்குகிறது. குந்தி உண்மையைச் சொல்லிவிடுகிறாள். ஆனாலும் கர்ணன் அசையவில்லை. மெஷினில் மூல காரணத்தை நீக்கினால் பழுது போய்விடும். மனுஷனில் போகாது. நடுவில் அவன் வாழ்ந்த வருஷங்கள் இருக்கின்றன. ராதை இருக்கிறாள், துரியோதனன் இருக்கிறான், பொன்னுருவியின் பேச்சு இருக்கிறது.

கேட்டதைப் பாருங்கள்

எனக்குத் தோன்றும் முறை இது. ஒருவன் *சொல்லும்* காரணத்தை முழுசாக நம்ப வேண்டாம். பொய் என்று தள்ளவும் வேண்டாம். என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்ற நிலை வரும்போது அவன் எதைக் *கேட்கிறான்* என்று பாருங்கள். கிருஷ்ணன் ராஜ்யம் நீட்டினான், கர்ணன் வாங்கவில்லை. குந்தியிடம் கேட்டது எல்லோர் முன்னிலையிலும் "மகனே" என்ற ஒரு வார்த்தை, அதுவும் செத்த பிறகு. கிருஷ்ணனிடம் கடைசியாகக் கேட்டது கொடுக்கும் மனசு. இந்த இரண்டிலும் துரியோதனன் இல்லை. செஞ்சோற்றுக் கடன் அவன் தீர்த்த கடன்தான், சந்தேகமில்லை. ஆனால் அவனுடைய பசி அது அல்ல.

வியாசரின் கர்ணனிடமும் இதே சோதனையைச் செய்யலாம். கிருஷ்ணனிடம் அவன் கேட்பது, இந்தப் பேச்சை வெளியே சொல்லாதே என்பது. தருமனுக்குத் தெரிந்தால் ராஜ்யத்தை எனக்குக் கொடுத்துவிடுவான், நான் துரியோதனனுக்குக் கொடுத்துவிடுவேன் என்கிறான். குந்தியின் மகன் என்ற பட்டம் அவனுக்குத் தேவையே இல்லை. ராதேயனாகவே சாகத் தயாராக இருக்கிறான். தமிழ்க் கர்ணன் குந்தியின் மடியைக் கேட்கிறான். வியாசரின் கர்ணன் ராதையின் மடியை விட மறுக்கிறான். கதை சொல்கிறவர் எந்தத் தாயைத் தேர்ந்தெடுக்கிறாரோ, அதைப் பொறுத்து மகனின் நோக்கமும் மாறுகிறது. எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், நான் டிரைவர் மகன், ராதை பக்கம்தான். ஆனால் விடியற்காலை கூத்தில் குந்தி ஓடி வந்து மடியில் எடுக்கும்போது, எனக்கும் தொண்டை அடைக்கத்தான் செய்கிறது.

இன்று நம் பழைய மாணவர்கள் பலர் ஆள் எடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். எதிரே இருக்கும் பையனிடமோ பெண்ணிடமோ அப்பா என்ன செய்கிறார் என்று கேட்காதீர்கள். அது கிருபர் கேட்ட கேள்வி. வேலையை விட்டுப் போகிறவர் பாரத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதினால், அதோடு பைலை மூடிவிடாமல், "உனக்கு என்னப்பா வேணும்?" என்று ஒரு தரம் கேளுங்கள். பத்து வருஷமாக ஆபர் வந்தும் போகாமல் இருப்பவரிடமும் அதையே கேளுங்கள். இரண்டு இடத்திலும் வரும் பதில் உங்களை ஆச்சரியப்படுத்தும். எங்கள் லைனில் ஒருவர், அவசரத்துக்கு லீவு கொடுத்த ஒரு சூப்பர்வைசருக்காக ஏழு வருஷம் வேறெங்கும் போகாமல் இருந்தார்.

மாணவர்களுக்கு: இந்தச் சாலைக்கு நீங்களும் ஒருநாள் வேலைக்கு வருவீர்கள். வரும் கோடையில் ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் கர்ண மோட்சம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தால், பிற்பகலே போய்ப் பிரசங்கத்தையும் கேளுங்கள். ராத்திரி பத்து மணிக்குப் பாயோடு போய் உட்காருங்கள். போர்வை மறக்க வேண்டாம், விடியற்காலை பனி இறங்கும். கூத்துக்காரர்களுக்கு முடிந்ததைக் கொடுங்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்போது நம் கம்பெனிகளின் கேட்டில் ஒப்பந்தத் தொழிலாளர் வரிசையில் நிற்கிறார்கள். பார்த்துவிட்டு வந்து, கர்ணன் ஏன் கட்சி மாறவில்லை என்று உங்கள் பதிலை அடுத்த மலருக்கு எழுதுங்கள். என் பதிலோடு ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.